கொழுந்தும் விகுதியும்: மலையக வினைச்சொல் பற்றி

இலங்கை மலையகத்தின் கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஒரே வேலைக்குப் பல வினைச்சொற்கள் இருக்கின்றன. நாளிதழ் ‘கொழுந்து பறிக்கும் தொழிலாளர்’ என்று எழுதும். கதை எழுதுகிறவர் ‘கொழுந்து கிள்ளும் விரல்கள்’ என்பார். கொஞ்சம் பழைய நடை பிடித்தவர் ‘கொழுந்து ஆயும் பெண்கள்’ என்பார். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் பெண்ணோ ‘கொழுந்தெடுக்கப் போறேன்’ என்கிறார். மலைக்குக் கீழே மாஸ்வெலப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் தன் சின்னத் தேயிலைக் காணியில் இதே வேலையைச் செய்பவர் ‘தளு கடனவா’ என்கிறார்.

இந்தச் சொற்களின் பொருள் வேறுபாடு ஒரு கேள்வி. அவை இடத்துக்கும் பாலுக்கும் காலத்துக்கும் ஏற்பத் திரியும் விதம் இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்குள் மலையகத் தமிழர் எந்தத் தமிழைப் பேசுகிறார்கள் என்ற பழைய விவாதமும் அடங்கியிருக்கிறது. அந்த விவாதம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களை வைத்தே நடந்திருக்கிறது. லயம், பிரட்டு, காம்பரா, தவறணை, கொந்தரப்பு, கவ்வாத்து என்று தோட்டச் சொற்களை அடுக்கி, இது தனித் தமிழ் என்று சொல்லிவிடுகிறோம். பெயர்ச்சொல் எங்கிருந்தும் வரும், எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பேச்சின் ஊர் தெரிய வேண்டுமானால் வினையின் கடைசி அசையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பொருள். ‘பறி’ தமிழில் இரண்டு வினை. ‘வேர் பறிந்தது’ என்றால் தானாகக் கழன்றது. ‘வேரைப் பறித்தான்’ என்றால் ஒருவன் கழற்றினான். முறிதல்–முறித்தல், பிரிதல்–பிரித்தல் போன்ற இரட்டை இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தனித்தனியே பதிந்து, பறிதலை 4ஆம் திரிபு வகையிலும் பறித்தலை 11ஆம் வகையிலும் வைக்கிறது. இன்றைய பேச்சில் பறிதல் அருகிப்போய், பறித்தல் மட்டும் நிற்கிறது. அதிலும் பூப் பறிப்பதோடு உரிமையைப் பறிப்பதும் வழிப்பறியும் சேர்ந்தே வருகின்றன. ‘கிள்ளு’ விரல் நுனியின் வேலை. ‘ஆய்’ தேர்ந்தெடுக்கும் வேலை: தமிழ்நாட்டுச் சமையலறையில் கீரை ஆய்வார்கள், யாழ்ப்பாணத்து முற்றத்தில் பூ ஆய்வார்கள். இரண்டு இலையும் ஒரு அரும்பும் பார்த்து எடுக்கிற தொழிலுக்கு, பொருளளவில் பார்த்தால் ‘ஆய்’ தான் மிகப் பொருத்தம்.

தொழிலாளரின் வரிசைவீடான லயத்தின் பேச்சில் வென்றது ‘எடு’. காரணம் செடியிடம் இல்லை, தராசிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இன்னைக்கி எத்தன கிலோ எடுத்த?’ என்றுதான் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். கொழுந்து கூடையிலிருந்து நிறுவைக்குப் போக வேண்டும், நிறுவை கணக்கப்பிள்ளையின் புத்தகத்துக்குப் போக வேண்டும், அங்கே ‘பேர்’ விழ வேண்டும். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். பறிப்பதும் கிள்ளுவதும் கையின் அசைவைச் சொல்லும் வினைகள். அவற்றை எண்ண முடியாது. எடுத்ததைத்தான் நிறுக்க முடியும். வெளியிலிருந்து பார்ப்பவர் செடியோரத்து விரலைப் பார்த்து ‘கிள்ளு’ என்கிறார். வேலை செய்பவர் மாலை நிறுவையை நினைத்து ‘எடு’ என்கிறார்.

தோட்டத்தின் மற்ற வேலைகளிலும் இதே போக்கைக் காணலாம். கவ்வாத்து வெட்டுவது, கான் வெட்டுவது, முள்ளுக் குத்துவது, மருந்தடிப்பது, பேர் போடுவது: பெயர் எதுவானாலும் அதை வினையாக்குவது வெட்டு, குத்து, அடி, போடு, எடு என்ற ஐந்தாறு வீட்டு வினைகளே. ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் பிரட்டாக வந்தது, அறையைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல் காம்பராவாக வந்தது. பிறமொழி வினை எதுவும் விகுதியோடு வந்து லயத்தில் குடியேறவில்லை. தமிழின் வினைக்கூடு பிறமொழிப் பெயரை உள்ளே விடும். பிறமொழி வினையை மட்டும் பெயராக்கி, பின்னால் ‘பண்ணு’ போட்ட பிறகுதான் விடும்.

வினை என்பது எவ்வளவு வேறு மாதிரி அமையலாம் என்பதற்கு வெகுதூரத்து மொழி ஒன்றைப் பார்ப்பது உதவும். பால்கன் நாடுகளில் பேசப்படும் செர்போ-குரோவாசிய மொழியில் பறித்தலுக்குரிய வினை ‘பிராதி’. திராட்சை, பிளம்ஸ், பூ, தேயிலை எல்லாவற்றுக்கும் அதுதான். நிகழ்காலத்தில் அது திரியும் விதம்: நான் பெரேம், நீ பெரேஷ், அவன் அல்லது அவள் பெரே, நாங்கள் பெரேமோ, நீங்கள் பெரேதே, அவர்கள் பெரூ. வினைப்பெயரில் இருக்கும் ‘பிரா’ நிகழ்காலத்தில் ‘பெர்’ ஆகிவிடுகிறது. நாம் ‘வா’ என்பதை ‘வருகிறேன்’ என்றும் ‘வந்தேன்’ என்றும் மாற்றுவதை நினைத்துக்கொண்டால் இது புதிராக இராது. எழுவாயைச் சொல்லாமலே ‘பெரேம்’ என்ற ஒரு சொல்லால் முழு வாக்கியம் முடிந்துவிடும், நம் ‘எடுக்கிறேன்’ போல. ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளைக்கு வியப்பாக இருக்கும் இந்த வசதி நமக்கு வியப்பில்லை.

வேறுபாடு இறந்தகாலத்தில் தொடங்குகிறது. அங்கே ‘நான் பறித்தேன்’ என்று சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினை காட்டிவிடும். ஆண் ‘பிராவோ சம்’ என்பான், பெண் ‘பிராலா சம்’ என்பாள். பெண்கள் மட்டும் சேர்ந்த கூட்டம் ‘பிராலே ஸ்மோ’ என்று சொல்லும். தமிழில் அவன், அவள் என்ற படர்க்கைக்குத்தான் பால் உண்டு, தன்மைக்கு இல்லை. மலையில் நிரை பிடித்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே ஆனாலும் ‘நாங்க எடுத்தோம்’ என்ற அவர்களின் வினையில் அது தெரியாது.

ஸ்லாவிய வினையின் உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் அங்கே ஒரு சோடி வினை வேண்டும்: செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ஒன்று, முடிந்ததைச் சொல்ல இன்னொன்று. ‘பிராதி’ முடிவைப் பற்றிக் கவலைப்படாது. ‘உபிராதி’ என்றால் பறித்து முடித்தல். ‘நபிராதி’ என்றால் வேண்டிய அளவு பறித்துச் சேர்த்தல். ‘ஒபிராதி’ என்றால் ஒன்றும் மிச்சம் வைக்காமல் பறித்துத் தீர்த்தல். முலாம்பழக் கொல்லையை ‘ஒபிராதி’ செய்துவிட்டாய் என்று ஒருவரிடம் சொன்னால், நீ வசமாக மாட்டிக்கொண்டாய் என்று பொருள். முடிவுப் பொருள் கொண்ட இந்த வினைகளை, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. முடிந்த செயல் இப்போது நடந்துகொண்டிருக்க முடியாதல்லவா?

தமிழ் இதே வேலையை வினையின் பின்பக்கத்தில் செய்கிறது. எடுத்துக்கிட்டு இருக்கேன், எடுத்துட்டேன், எடுத்து வச்சேன், எடுத்துக் குடுத்தேன், கிள்ளித் தள்ளுனேன். ‘விடு’ செயலை மீட்க முடியாதபடி முடிக்கிறது; ‘கொள்’ பயனைச் செய்பவர் பக்கம் திருப்புகிறது; ‘வை’ பின்னொரு தேவைக்காகச் சேமிக்கிறது; ‘தள்ளு’ வேகத்தையும் அளவையும் காட்டுகிறது. பெல்கிரேட்காரருக்கு முதல் அசையிலேயே செயல் முடிந்ததா என்று தெரிந்துவிடும். கொத்மலைப் பக்கத்துப் பூண்டுலோயாக்காரர் கடைசி அசை வரை காத்திருக்க வேண்டும். பள்ளி இலக்கணம் இந்தத் துணைவினைகளுக்குத் தரும் இடம் மிகக் குறைவு. பேச்சில் பாதிப் பொருள் அவற்றிலேயே இருக்கிறது.

இவற்றுள் ‘ஆச்சு’ தனியே கவனிக்க வேண்டியது. ‘எடுத்தாச்சு, நிறுத்தாச்சு, பேரு போட்டாச்சு.’ யார் எடுத்தார், யார் நிறுத்தார் என்ற தடயமே வினையில் இல்லை. நிறுவையில் எடை குறைந்ததாகத் தகராறு வரும்போது இந்த வடிவம் ரொம்ப வசதி, கேட்கிறவருக்கு அல்ல, பதில் சொல்கிறவருக்கு. அலுவலகச் சுற்றறிக்கைத் தமிழ் ‘பதிவு செய்யப்பட்டுள்ளது’ என்று ‘படு’ சேர்த்துச் செய்வதைப் பேச்சு மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறது.

ஒரு பக்கக் குறிப்பு. ‘பிராதி’யின் வேர், சுமத்தலைக் குறிக்கும் சமஸ்கிருத வேரோடு உறவுடையது. அந்த வேரிலிருந்து வந்த ‘பாரம்’ தமிழிலும் உண்டு. கூடை நிறைந்து முதுகில் இழுக்கும்போது மலையில் சொல்கிற பாரமும், பால்கன் தோட்டத்தில் பறித்தலைச் சொல்லும் வினையும் ஒரே பழங்குடியின் தூரத்துப் பிள்ளைகள். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தமிழ் வினையை வகைப்படுத்திய வரலாறு நீளமானது. தொல்காப்பியம் மூன்று காலம் உண்டு என்கிறது, விகுதிகளை எண்ணித் தருகிறது, ஆனால் நிகழ்காலத்துக்கென்று இன்று நாம் பயன்படுத்தும் ‘கிறு’வை அங்கே காண முடியாது. சங்கப் பாட்டுகளில் அது கிட்டத்தட்ட இல்லை. ‘கின்று’ பக்தி இலக்கியக் காலத்திலிருந்துதான் பரவுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியின் நன்னூல் ஆநின்று, கின்று, கிறு மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக ஏற்றுக்கொண்டது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று சொல்லைப் பிரிக்கும் முறையும் அந்நூலின் கொடை. பறி + த் + த் + ஏன் என்று இன்றும் பாடசாலைக் கரும்பலகையில் எழுதப்படுவது அதுதான்.

நன்னூல் ஒரு வினையைப் பிரித்துக் காட்டும். எந்த வினை எந்த இடைநிலையை எடுக்கும் என்று பட்டியலிடாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது தேவைப்படவில்லை. அந்தத் தேவை வெளியிலிருந்து வந்தவருக்கு இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வேலை செய்த அண்ட்ரிக் அடிகளார் போர்த்துக்கீச மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். சீகன்பால்கின் இலத்தீன் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கென்றே ஓர் இலக்கணம் செய்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான கிரவுல் தமிழ் வினைகளை 13 வகையாகப் பிரித்தார். தமிழ்ப் பேரகராதி அந்த எண்களைத்தான் பின்பற்றுகிறது. ஆர்டனின் இலக்கணத்தில் அவை 7 ஆகக் குறைந்தன. க்ரியா அகராதி எண்களையே விட்டுவிட்டு, ‘பறிக்க, பறித்து’ என்று ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வடிவங்களை மட்டும் தருகிறது. அவ்விரண்டும் தெரிந்தால் மீதி எல்லாம் தானே வரும். என் பார்வையில் இதுவே நேர்மையான வழி. 7, 13 என்ற எண்கள் மொழிக்குள் இல்லை, எண்ணுகிறவரின் பொறுமையில் இருக்கின்றன.

அந்த வகைப்பாட்டில் நம் வினைகளை வைத்துப் பார்த்தால், எடுத்தலும் பறித்தலும் ஒரே வகை: எடுத்தேன், எடுக்கிறேன், எடுப்பேன். இவை வல்வினை. கிள்ளுதல் மெல்வினை: கிள்ளினேன், கிள்ளுகிறேன், கிள்ளுவேன். ஆய்தல் ‘ஆய்ந்தேன்’ என்று ‘ந்த்’ எடுக்கும். பேச்சு வந்ததும் கோடுகள் கலைகின்றன. ‘பறித்தேன்’ பறிச்சேன் ஆகிறது, ‘ஆய்ந்தேன்’ ஆஞ்சேன் ஆகிறது, ‘கிள்ளினேன்’ கிள்ளுனேன் ஆகிறது, ‘எடுத்தேன்’ மட்டும் அப்படியே நிற்கிறது. முன்னால் இகரமோ யகரமோ வந்தால் தகரம் சகரமாகக் குழையும் என்பதே விதி. ‘எடு’வில் உகரம் என்பதால் தப்பித்தது. பகுபதம் பிரித்து எழுதச் சொல்லும் வினாவுக்கு ‘பறிச்சேன்’ என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்புக் கோடு விழுகிறது. ஒலியியல் ஆசிரியர் யாராவது பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுப்பார்.

இப்போது விகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பறித்தல் இப்படித் திரியும்: நான் பறிக்கிறன், நாங்கள் பறிக்கிறம், நீ பறிக்கிறாய், நீர் பறிக்கிறீர், நீங்கள் பறிக்கிறியள், அவர் பறிக்கிறார், அவை பறிக்கினம். கொத்மலைத் தோட்டத்தில்: நான் பறிக்கிறேன், நாங்க பறிக்கிறோம், நீ பறிக்கிற, நீங்க பறிக்கிறீங்க, அவரு பறிக்கிறாரு, அவங்க பறிக்கிறாங்க. எதிர்மறையில் அங்கே ‘பறிக்கேல்லை’, இங்கே ‘பறிக்கல’. அழைப்பில் அங்கே ‘வாங்கோ’, இங்கே ‘வாங்க’. ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே நிற்கும் ‘நீர்’ அங்கே உயிரோடிருக்கிறது. இங்கே அந்தப் படியே இல்லை.

இந்த இரண்டில் எது பழையது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் என்று உடனே பதில் சொல்லும் வழக்கம் உண்டு. முழுதும் சரியல்ல. தன்மை ஒருமைக்குத் தொல்காப்பியம் தரும் பட்டியலில் என், ஏன், அல் உண்டு, அன் இல்லை. நன்னூலில் அன் வந்துவிடுகிறது. ஆக, ‘பறிக்கிறன்’ என்பதில் உள்ள ‘அன்’ விகுதியைவிட, ‘பறிக்கிறேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ இலக்கணப் பதிவில் மூத்தது. பன்மையிலோ நிலைமை மாறுகிறது. அம், ஆம், எம், ஏம் என்பன தொல்காப்பியத்தில் உள்ளன. ‘பறிக்கிறோம்’ என்பதன் ஓம் அங்கே இல்லை, நன்னூலில்தான் சேர்கிறது. ஆகவே ‘பறிக்கிறம்’ மூத்தது. ஒருமையில் தோட்டம் முந்துகிறது, பன்மையில் யாழ்ப்பாணம். இலக்கண நூல்கள் பேச்சை முழுதாகப் பதிவதில்லை என்பதால் இதையும் கொஞ்சம் உப்புப் போட்டே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தோட்டத் தமிழ் தேய்ந்த தமிழ் என்ற எண்ணத்துக்கு இந்தப் பட்டியல்களில் ஆதாரம் கிடையாது.

தோட்ட விகுதிகள் எங்கிருந்து வந்தன என்பதில் மர்மமில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்கள் பலர். வழியிலேயே இறந்தவர்களும் பலர். 2023இல் இருநூறாண்டு நினைவாக அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். இவ்வளவு மாவட்டங்களின் பேச்சும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருந்தது. இராமநாதபுரத்து ‘வந்தாக’வும் நெல்லைச் சீமையின் ‘வந்தாவ’வும் கடல் தாண்டி வந்திருக்கத்தான் வேண்டும். இன்று லயத்துப் பிள்ளைகளின் வாயில் பொதுவாக இருப்பது ‘வந்தாங்க’. ஒரே பிரட்டுக்களத்தில் ஒரே உத்தரவைக் கேட்டு, ஒரே நிரையில் நின்றவர்களின் விகுதிகள் ஒன்றாகக் கரைந்துவிட்டன. தமிழ்நாட்டில் சினிமாவும் நகரமும் செய்த சமன்பாட்டை இங்கே தோட்டம் அவற்றுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

அயல்மொழி செய்யாததும் கவனத்துக்குரியது. சிங்களப் பேச்சு மொழியில் வினைக்கு இடவிகுதி இல்லை. மம கடனவா, அபி கடனவா, ஒயா கடனவா, எயா கடனவா: நான், நாங்கள், நீ, அவர் எல்லோருக்கும் ஒரே ‘கடனவா’. ‘கடமு’ என்றால் பறிப்போம் வாருங்கள் என்பது போன்ற ஓரிரு வடிவங்கள் மட்டும் விலக்கு. எழுத்துச் சிங்களத்தில் விகுதிகள் இன்னமும் உண்டு, பேச்சில் உதிர்ந்துவிட்டன. இன்னொரு பக்கம் பார்த்தால், தானாக நடப்பதற்கும் ஒருவர் செய்வதற்கும் சிங்களம் வேறு வேறு வடிவம் வைத்திருக்கிறது. ‘கடனவா’ ஒடிப்பது, பறிப்பது. ‘கெடெனவா’ தானாக ஒடிவது. நம் பறித்தல்–பறிதல் இரட்டையை நாம் மறந்துகொண்டிருக்க, பக்கத்து மொழி தன் இரட்டையை நாள்தோறும் புழங்குகிறது.

விகுதி இழந்த அயல்மொழி சிங்களம் மட்டுமல்ல. மலையாளமும் இழந்த மொழியே. கேரளத் தேயிலை மலையான மூணாறில் ‘கொளுந்து நுள்ளி’ என்றால் நானும் நுள்ளியிருக்கலாம், நீங்களும் நுள்ளியிருக்கலாம், அவர்களும் நுள்ளியிருக்கலாம். தமிழுக்கு இவ்வளவு நெருங்கிய மொழியே விகுதியைக் கைவிட்டது. ஆனால் அதே மூணாற்றில் 2015இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சம்பளத்துக்காகத் தெருவில் இறங்கிய தமிழ்த் தொழிலாளிப் பெண்கள் தமிழ் விகுதிகளோடுதான் முழங்கினார்கள். கொத்மலையிலும் அப்படியே. சிங்களம் சரளமாகப் பேசும் தோட்டத்து இளைஞன் சிங்களத்தில் விகுதியில்லாமல் பேசுவான், தமிழுக்குத் திரும்பியதும் ‘போனேன், போனோம்’ என்று ஒவ்வோர் ஆளுக்கும் விகுதி போடுவான். இரண்டு இலக்கணமும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்கின்றன.

இதற்குத் தோட்டத்தின் மூடிய அமைப்பைக் காரணமாகச் சொல்வது வழக்கம்: லயம், கடை, கோயில், பாடசாலை, தொழிற்சங்கம் எல்லாம் தமிழில். அது பாதி உண்மை. மீதிப் பாதி, மொழிகள் கலக்கும்போது பெயர்கள் முதலில் போகும், ஓசை அடுத்துப் போகும், வினைவிகுதி கடைசியாகத்தான் அசையும் என்பது உலகெங்கும் கண்ட போக்கு. 1948இலும் 1949இலும் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டபோதும், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தபோதும், ஆட்களை ‘இந்தியத் தமிழர்’, ‘நாடற்றவர்’ என்று கடதாசியில் மாற்றி மாற்றி எழுதினார்கள். விகுதிக்கு அந்தக் கடதாசிகள் எட்டவில்லை.

பெயர் மாறி வினை மாறாத இதே கதை பால்கனிலும் நடந்திருக்கிறது. 1814இல் வூக் கரஜிச் சாதாரண மக்களின் பேச்சை வைத்துச் செர்பிய இலக்கணம் எழுதினார். அதே ஆண்டில் நாட்டுப் பாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். 1850இல் வியன்னாவில் செர்பிய, குரோவாசிய அறிஞர்கள் பொதுவான எழுத்து வழக்குக்கு உடன்பட்டார்கள். 1990களில் யூகோசுலாவியா உடைந்ததும் அந்த ஒரு மொழிக்கு இன்று செர்பியம், குரோவாசியம், பொஸ்னியம், மொண்டிநீக்ரியம் என்று நான்கு பெயர். நான்கிலும் நான் பறிக்கிறேன் என்பது ‘பெரேம்’ தான். ‘பறிப்பேன்’ என்ற எதிர்காலத்தைச் செர்பியர் ஒரு சொல்லாகவும் குரோவாசியர் இரு சொல்லாகவும் எழுதுகிறார்கள், உச்சரிப்பு ஒன்றே. ‘பறிக்க விரும்புகிறேன்’ என்பதில் மட்டும் உண்மையான வேறுபாடு உண்டு: குரோவாசியர் வினையெச்சம் போன்ற ‘பிராதி’யை வைப்பார்கள், செர்பியர் ‘பெரேம்’ என்று மீண்டும் விகுதியோடு சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொத்மலைக்கும் இடையே உள்ள விகுதி வேறுபாடு இதைவிடப் பெரியது. அதற்காகத் தமிழை இரண்டு மொழி என்று யாரும் சொல்லவில்லை. மொழிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் வினைத்திரிபு பார்த்து நடக்கும் வேலை அல்ல.

வூக்கைப் போலப் பேச்சிலிருந்து தொடங்கியவர்கள் மலையகத்திலும் உண்டு, ஆனால் அவர்கள் இலக்கணக்காரர்கள் அல்லர். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ போன்ற புனைகதைகளில் தோட்டத்து மக்கள் தங்கள் பேச்சில் பேசுகிறார்கள். கதைசொல்லி எழுத்துத் தமிழில் ‘பறித்தாள்’ என்பார். பாத்திரம் வாயைத் திறந்ததும் விகுதி மாறிவிடும். ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு புத்தகம் என்று எடுத்துக்கொண்டு உரையாடல்களின் வினைகளை மட்டும் தொகுத்தால், மலையக வினையின் வரலாறு ஓரளவு கைக்கு வரும். யாழ்ப்பாணப் பேச்சுக்கு சு. சுசீந்திரராசா போன்றவர்கள் மொழியியல் முறையில் விரிவான விளக்கம் தந்தார்கள். மலையகப் பேச்சு பலரின் எழுத்தில் ‘இந்தியத் தமிழுக்கு நெருங்கியது’ என்ற ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. நெருங்கியதுதான். எவ்வளவு நெருக்கம், எங்கே விலகல் என்பதுதானே ஆய்வின் வேலை.

விலகல் தொடங்கியிருக்கும் இடங்களில் ஒன்று ‘கதை’ என்ற வினை. தமிழ்நாட்டில் பேசுவார்கள், இலங்கையில் கதைப்பார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள், வானொலி, கொழும்புக் கடைவேலை என்று பல வழிகளில் அந்த வினை மலைக்கு ஏறிவிட்டது. ‘புரியுது’ இருந்த இடத்தில் ‘விளங்குது’ம் வந்துவிட்டது. ஆனால் மலையில் யாரும் ‘கதைக்கினம்’ என்று சொல்லிக் கேட்க முடியாது. சொல்வது ‘கதைக்கிறாங்க’. பகுதி யாழ்ப்பாணம், விகுதி தோட்டம். தமிழ்நாட்டுக்காரர் காதில் அது இலங்கைத் தமிழாக விழும், யாழ்ப்பாணத்தார் காதில் இந்தியத் தமிழாக விழும். இரு பக்கத்தாரும் ஆளுக்குப் பாதிச் சொல்லைத்தான் கேட்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் கொத்மலை இளைஞர்கள் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்புத் தமிழரோடு ஒரே அறையில் வாழ்ந்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இன்னும் சில பகுதிகள் மலையேறும். ‘நான் போறன்’ என்று ஒரு விகுதி ஏறி வந்தால் தவலந்தன்னைச் சந்தியிலேயே யாராவது கேலி செய்து திருத்திவிடுவார்கள். இன்றுவரை நிலைமை அதுதான்.